அரசு லேப்டாப்புக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது

எங்கள் ஊர் தொட்டியத்தில் எந்தத் தெருவுக்குள் போனாலும் சில வீடுகளிலாவது ஒரு பழைய அரசு லேப்டாப் இருக்கும். பீரோ மேல், பரணில், கட்டிலுக்கடியில், கொடுத்த பையோடு அப்படியே கிடக்கும். கேட்டால் "அது ஓடாதுங்க" என்பார்கள். சுத்தமாக ஓடாதா, ஆன் ஆக நேரம் எடுக்குமா என்று நான் திருப்பிக் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "ஆன் ஆவும், ஆனா பத்து நிமிஷம் ஆவும். அதுக்குள்ள புள்ளைங்க செல்ல எடுத்துக்கிட்டுப் போயிடும்."

அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் இந்தப் பதிவு. இந்த லேப்டாப்புகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன. உள்ளே ஒரே ஒரு பாகம் கிழடு தட்டிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு வேறு போட்டால் ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பு முடியும்வரை ஓடும். எதை மாற்றலாம், எப்படிக் கழற்றலாம், எதில் காசு போடக் கூடாது என்று இத்தனை வருஷமாகச் சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் செய்துகொடுத்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். எனக்கு இது தொழில் இல்லை, பிடித்த வேலை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, அதேபோலக் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள் என்று ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் மாணவர்கள் கைக்குப் போயின. வாங்கிக் கொடுத்தது தமிழக அரசின் எல்காட் நிறுவனம். 2020-க்குப் பிறகு சில ஆண்டுகள் யாருக்கும் வரவில்லை. பிறகு 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்து, 2026 ஜனவரியில் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் புது லேப்டாப்பில் இருப்பது 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பரணில் கிடக்கும் பழையதையும் இந்த இரண்டு விஷயத்தில் இதே அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். பிராசஸர் பழையதுதான், அதை மாற்ற முடியாது. ஆனால் அசைன்மென்ட் டைப் அடிக்கவும், பிடிஎஃப் படிக்கவும், யூடியூபில் பாடம் பார்க்கவும் அந்தப் பழைய பிராசஸரே தாராளம்.

என் அக்கா மகள் 2025-இல் முசிறி அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் பி.காம் சேர்ந்தாள். வீட்டில் அவள் அண்ணன் பிளஸ் டூவில் வாங்கிய லேப்டாப் இருந்தது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 அங்குலத் திரை. அக்கா அதைத் திருச்சியில் ஒரு கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். "இதுக்குச் செலவு பண்றது தண்டம்ங்க, புதுசா வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாழைக்கு விலை இல்லாத நேரம். புதுசுக்கு முப்பதாயிரத்துக்கு எங்கே போவார்? அக்கா மகள் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "மாமா, இதத் தொறந்தா மறுபடி மூட வருமா?" என்று கேட்டாள். வரும் என்று சொல்லி, அவளையே திறக்க வைத்தேன். இந்தப் பதிவில் நான் சொல்லும் கழற்றல் வேலை எல்லாம் அவள் கையால் நடந்ததுதான்.

முதலில், ஏன் மெதுவாக ஓடுகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். புரியாமல் ராமை மட்டும் போட்டுவிட்டு "காசு போச்சு" என்று நொந்துகொள்பவர்கள் நிறைய. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. அதன் மேல் ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்து, வேண்டிய இடம் கீழே வரும்வரை காத்திருந்து படிக்கிறது. ஒரு தடவை இப்படித் தேடிப் போகச் சராசரியாக 12 மில்லி விநாடி ஆகும், அதற்கு மேலே தட்டு சுற்றி வரும் நேரம். விநாடிக்கு எண்பது, நூறு இடங்களைத் தொட்டால் அதிகம். விண்டோஸ் ஆன் ஆகும்போது தட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளைக் கேட்கிறது. போதாததற்கு ஆன்டிவைரஸும் அப்டேட்டும் அதே முள்ளை இழுக்கின்றன. பிராசஸர் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. விநாடிக்குப் பல ஆயிரம் இடங்களிலிருந்து எடுத்துத் தரும். மிகப் பழைய லேப்டாப்பில் சாட்டா இணைப்பு விநாடிக்கு 300 எம்பிக்கு மேல் விடாது, புது எஸ்எஸ்டி 500 வரை ஓடக்கூடியது. அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நமக்கு வேண்டியது அந்தக் குட்டிக் கோப்புகளின் வேகம், அது முழுசாகக் கிடைத்துவிடும்.

அதனால் கையில் ஒரு பாகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள். இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்க வேண்டும். எம்.2 என்று குச்சி மாதிரி ஒன்று தருவார்கள், ஆரம்ப கால அரசு லேப்டாப்பில் அதற்கு இடம் கிடையாது. 256 ஜிபி போதும்.

இனி திறப்பது. சார்ஜரைப் பிடுங்குங்கள். முதல் சில வருஷங்களில் கொடுத்த மாடல்களில் பேட்டரி வெளியிலிருந்தே கழலும். அடியில் இரண்டு தாழ்ப்பாள் இருக்கும், தள்ளினால் வந்துவிடும். பிந்தைய மாடல்களில் பேட்டரி உள்ளே இருக்கும். மூடியைத் திறந்ததும் வேறு எதையும் தொடும் முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட வேண்டும். இரண்டிலும், கழற்றிய பிறகு பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தை இறக்குங்கள். பாலியஸ்டர் போர்வை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள். சிமென்ட் தரையில் பருத்தித் துண்டு விரித்து, வெறுங்காலோடு உட்காருவது நல்லது.

ஸ்க்ரூ டிரைவர் சின்ன ஸ்டார் தலை, நல்லதாக ஒன்று வேண்டும். டிவி ரிமோட் திறக்கிற மலிவு செட்டை எடுத்தால் ஸ்க்ரூ தலை மழுங்கிப் போகும், அதன் பிறகு அது கழலாது. ஸ்க்ரூ விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை: எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினால் மேல்பக்கத்துப் பிளாஸ்டிக் புடைத்துக்கொள்ளும், சில இடங்களில் போர்டையே குத்திவிடும். ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்து, எந்த ஓட்டையில் கழற்றினோமோ அட்டையிலும் அந்த இடத்தில் குத்திவைத்தால் குழப்பமே வராது. அக்கா மகள் வரைந்த படம் என்னுடையதைவிட அழகு. இப்போதும் அந்த அட்டையை லேப்டாப் பையிலேயே வைத்திருக்கிறாள்.

பழைய மாடல்கள் பலவற்றில் அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கும். இரண்டு மூன்று ஸ்க்ரூ கழற்றினால் ஹார்ட் டிஸ்க்கும் ராமும் கண்ணெதிரே. அப்படி இருந்தால் வேலை அரை மணி நேரம்தான். கதவு இல்லாவிட்டால் அடிமூடி முழுவதையும் எடுக்க வேண்டும். எல்லா ஸ்க்ரூவும் கழன்ற பிறகும் உள்கொக்கிகள் பிடித்துக்கொண்டிருக்கும். இரும்பை உள்ளே விடாதீர்கள். பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் நுழைத்து ஓட்டினால் டிக் டிக் என்று விட்டுக்கொண்டே வரும். சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஓர் இடத்தில் வர மறுத்தால் இழுக்காதீர்கள், அங்கே ஒரு ஸ்க்ரூ ரப்பர் காலுக்கு அடியிலோ ஸ்டிக்கருக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். கீபோர்டைத் தூக்க வேண்டிய மாடலாக இருந்தால் அதன் கீழே பட்டை வயர் ஒன்று போகும். அது சொருகியிருக்கும் இடத்தில் மெல்லிய பூட்டு இருக்கும், நகத்தால் அதை நிமிர்த்திய பிறகுதான் பட்டையை உருவ வேண்டும். நான் பார்த்தவரையில் இந்த வேலையில் அதிகம் உடைவது அந்தப் பூட்டுதான்.

லெனோவா, ஹெச்பி, டெல் மூன்றுமே தங்கள் லேப்டாப்பைக் கழற்றும் முறையைப் படத்தோடு, ஸ்க்ரூ அளவோடு, பிடிஎஃப் கையேடாக இலவசமாகவே தருகின்றன. அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். யூடியூபைவிட அது மேல். யூடியூபில் வேகமாகக் கழற்றிக் காட்டுவார்கள், எங்கே பலம் கொடுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டார்கள்.

ஹார்ட் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்துக்குள் நான்கு ஸ்க்ரூவில் நிற்கும். மேலே தூக்காமல், கனெக்டரிலிருந்து பக்கவாட்டில் இழுத்து எடுங்கள். சட்டத்தைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்டி அதே வழியில் உள்ளே தள்ள வேண்டியதுதான். பழைய டிஸ்க் 9.5 மி.மீ. உயரம், எஸ்எஸ்டி 7 மி.மீ. கொஞ்சம் ஆடினால் எஸ்எஸ்டியோடு வரும் பிளாஸ்டிக் விளிம்பை ஒட்டிக்கொள்ளுங்கள்.

எடுத்த பழைய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது? இதில் நான் ரொம்பப் பிடிவாதம். அதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், பழைய இரும்புக்காரரிடமும் போடாதீர்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் முதன்முதலாக வந்த கம்ப்யூட்டர் இந்த லேப்டாப்தான். கேமரா போனிலிருந்து இறக்கிய கல்யாணப் படம், எங்கள் ஊர் மதுரை காளியம்மன் தேரை மக்கள் தோளில் தூக்கி வருகிற வீடியோ, இப்போது இல்லாத தாத்தா பாட்டி, எல்லாம் அதில் இருக்கின்றன. வீட்டுக்காரர்களுக்கே அது மறந்திருக்கும். சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் கேஸ் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டிஸ்க்கை அதில் போட்டால் பென் டிரைவ் மாதிரி திறந்து பார்க்கலாம். அக்கா வீட்டு டிஸ்க்கைத் திறந்தபோது என் அத்திம்பேர் வாழைத்தார் தூக்கிக்கொண்டு சிரிக்கும் படம் ஒன்று வந்தது. அவர் இறந்து ஐந்தாறு வருஷமாகிறது. வீட்டில் அவர் சிரிக்கிற படம் அதற்கு முன் இல்லை. பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது ராம். 2 ஜிபியில் இன்றைக்கு ஒரு பிரவுசர்கூட நிம்மதியாக ஓடாது. 4 கட்டாயம், 8 இருந்தால் கவலையே இல்லை. 2011 முதல் சில வருஷங்களில் வந்தவற்றில் டிடிஆர்3, பிந்தையவற்றில் டிடிஆர்4. ஒன்று மற்றொன்றில் சேராது; டிடிஆர்3-இல் 204 முனைகள், டிடிஆர்4-இல் 260, நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்3-இலேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு வகை. 1.35 வோல்ட் வகையின் ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்கும். சந்தேகமாக இருந்தால் அதையே வாங்குங்கள், பொதுவாக இரண்டு வகை லேப்டாப்பிலும் வேலை செய்யும். மாட்டும்போது சாய்வாக உள்ளே நுழைத்து, பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் தானே பிடித்துக்கொள்ளும். ஆன் ஆகாமல் பீப் சத்தம் மட்டும் வருகிற லேப்டாப்புகளில் பலவற்றுக்கு வைத்தியமே ராமைக் கழற்றி, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துடைத்து மறுபடி மாட்டுவதுதான். செலவில்லாத வேலை என்பதால் அதை முதலில் செய்து பாருங்கள்.

அக்கா மகளுக்கு எஸ்எஸ்டி புதுசும், ராம் பழசுமாக வாங்கினோம். தொட்டியத்தில் பஸ் ஏறி, திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, கடை கடையாகக் கேட்டு வாங்கியது. எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. இப்போது அந்த விலைக்குக் கிடைக்காது. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகளை மொத்தமாக வாரிக்கொள்கிறார்கள், 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்எஸ்டி இரண்டும் விலை ஏறிவிட்டன. நம்மைப் போன்றவர்களுக்கு ராம் விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே மைக்ரான் நிறுவனம் மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் செத்த லேப்டாப்பைத் தூக்கிப் போடும்போதுகூட ராமைக் கழற்றி எடுத்துவையுங்கள். தெருவில் இன்னொரு பிள்ளைக்கு ஆகும்.

மூடியைத் திறந்த கையோடு ஃபேனையும் பாருங்கள். எங்கள் பக்கம் வண்டல் மண். கோடையில் அந்த மெல்லிய புழுதி கதவு மூடிய வீட்டுக்குள்ளும் வந்து படியும். அது ஃபேனுக்கும் செம்புக் குழாய்த் தகட்டுக்கும் நடுவில் கம்பளம் போல அடைத்து, காற்றே வெளியே வராமல் செய்துவிடும். சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இல்லையென்றால் லேப்டாப் திடீரென்று அணைந்துவிடும். எறும்பு கூடு கட்டியதும் உண்டு, பல்லி முட்டை இருந்ததும் உண்டு. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். காற்று அடிப்பதென்றால் ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போகும். பஞ்சர் கடை கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம், அதில் தண்ணீர் கலந்து வரும்.

பத்து வருஷமான லேப்டாப்பில் பிராசஸர் மேலே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிரும். அதை மாற்றுவது ஒரு படி மேலான வேலை. தகட்டின் ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும், அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பழையதை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, ஒரு அரிசி அளவு புதுசு வைத்தால் போதும். சானிடைசரால் துடைக்காதீர்கள், அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. முதல் தடவை திறப்பவர்கள் இதை விட்டுவிடுங்கள். ஃபேன் சுத்தமானாலே பாதிச் சூடு இறங்கிவிடும்.

பேட்டரியைப் பற்றி. இவ்வளவு நாள் சும்மா கிடந்த பேட்டரி பெரும்பாலும் போயிருக்கும். வெளியே கழலும் வகையாக இருந்தால், அது இல்லாமலேயே சார்ஜரில் பெரும்பாலான லேப்டாப்புகள் ஓடும். வீட்டில் மேஜை மேல் வைத்துப் படிக்கிற பிள்ளைக்குப் பேட்டரி அவசரமில்லை, காசு வந்த பிறகு வாங்கலாம். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால், டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு நின்றால், அதோடு லேப்டாப்பை ஆன் செய்யாதீர்கள். குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், வாழைச் சருகோடு சேர்த்து எரிக்காதீர்கள். இ-வேஸ்ட் எடுக்கும் இடத்தில் கொடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதற்கு மேல் முக்கியமான விஷயம் இந்தப் பதிவில் எதுவும் இல்லை.

மதர்போர்டில் காசு போடாதீர்கள். டிஸ்ப்ளே உடைந்திருந்தால் பழைய ஒன்று மலிவாகக் கிடைக்கும்வரை விடுங்கள். கீபோர்டு போயிருந்தால் யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி, ராம், சுத்தம் மூன்றுக்கும் மேல் செலவு போகிறதென்றால் நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

என்ன ஓஎஸ் போடுவது? விண்டோஸ் 11 இந்த லேப்டாப்புகளில் முறைப்படி ஏறாது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதனால் நான் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுகிறேன். லேப்டாப் கொடுத்தபோதே அதில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் அதை யாரும் தொடவில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். பி.காம் பிள்ளைக்கு டேலி வேண்டும், அது விண்டோஸில்தான் ஓடும். எனவே அவளுக்கு இரண்டும் போட்டோம். இன்டர்நெட்டும் மற்ற எல்லாமும் லினக்ஸில், டேலி மட்டும் வைஃபை இணைக்காத விண்டோஸ் 10-இல். மின்ட்டில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொடுத்தேன், இப்போது தமிழில் வேகமாக அடிக்கிறாள்.

இவ்வளவும் செய்ய முடிவதற்குக் காரணம், அந்த லேப்டாப்பில் பாகங்களைக் கழற்ற முடிகிறது என்பதுதான். 2012-இல் ஆப்பிள் தன் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ராமைப் போர்டோடு பற்றவைத்து, பேட்டரியைப் பசையால் ஒட்டியது. அதன் பிறகு மெலிசான லேப்டாப் என்று பெயர் சொல்லி ஒவ்வொரு நிறுவனமும் அந்த வழிக்குப் போகிறது. எதிர்த் திசையில் 2021-இல் ஃப்ரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம், வாங்கியவரே எல்லாப் பாகத்தையும் மாற்றிக்கொள்ளும் லேப்டாப்பைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அதே டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கியது. இணையதளம் மட்டும் போதாது. லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கும் எல்காட் போன்ற அமைப்பு, ராமும் எஸ்எஸ்டியும் பேட்டரியும் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால், எந்த நிறுவனமும் மறுக்காது. அந்த ஒரு வரியால் லேப்டாப்பின் ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது என் உறுதியான எண்ணம். இப்போது புதிதாக வாங்கிய மாணவர்களும் வாரண்டி முடிந்த பிறகு ஒரு தடவை திறந்து பாருங்கள், உங்கள் லேப்டாப்பில் என்ன மாற்ற முடியும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகளின் லேப்டாப் இப்போது அரை நிமிஷத்துக்குள் ஆன் ஆகிறது. அவள் வகுப்பிலேயே இன்னும் சிலருக்குத் திறந்து சுத்தம் செய்து கொடுத்திருக்கிறாள். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். பழைய இரும்பு எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். தொட்டியம், முசிறி, காட்டுப்புத்தூர் பக்கம் இருப்பவர்கள் தனியாகத் திறக்கத் தயங்கினால் அடியில் இருக்கும் மாடல் எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த ராம் சேரும், கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.